கட்டற்ற மென்பொருளும் உரை வகுக்கும் பணியும்

ஒரு நூல் தோன்றுமாயின் அதன்பின் அதற்கோர் உரையும் தோன்றுதல் தமிழர்தம் கல்வி மரபாகும். தொல்காப்பியத்துக்கு உரைகண்ட இளம்பூரணரைப் பிற்காலத்தார் ‘உரையாசிரியர்’ என்னும் பெயராலேயே வழங்கினர். திருக்குறளை ஆழ்ந்து கற்பார் பரிமேலழகரை விட்டுக் கற்பதில்லை. ஈழநாட்டிலே ஆறுமுக நாவலர் (1822–1879) நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்தமையாலன்றோ பள்ளி மாணவரும் அவ்விலக்கணத்தை எளிதின் அணுகக் கூடியவராயினர். நூல் செய்தானையும் ஆசிரியன் என்றனர். உரை செய்தானையும் ஆசிரியன் என்றனர். இருவர்க்குமிடையே உயர்வு தாழ்வு கற்பிக்க நம் முன்னோர் விரும்பிலர்.

இம்மரபிலே வந்த நம்மவருட் பலர், இக்காலத்து உலகெங்கும் நடைபெறும் ஒரு பெரும் பொதுப்பணியில் உரைகாரருக்குரிய இருக்கை பெரும்பாலும் வெறிதாகக் கிடப்பதை அறியார். அப்பணி கட்டற்ற மென்பொருள் ஆக்கமாகும். திறந்த மூல மென்பொருள் எனவும் அதனை வழங்குவர். அதன்கண் விளக்க ஆவணம் எழுதுதல் என்பது யாது, அஃது எத்துணை இன்றியமையாதது, வன்னி நாட்டு மாணவர் அதனுட் புகும் வழி யாது என்னும் மூன்றினையும் இக்கட்டுரை முறையே ஆராயும்.

1. கட்டற்ற மென்பொருள்

கணினி செய்ய வேண்டியவற்றை அதற்கு ஒழுங்காக எடுத்துரைக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அதனை மனிதர் எழுதும் வடிவம் மூலநிரல் எனப்படும். வணிக நிறுவனங்கள் பல இம்மூலநிரலை மறைத்துவைத்து, இயங்கும் வடிவத்தை மட்டும் விலைக்கு விற்கும். கட்டற்ற மென்பொருளோ அதனை வெளிப்படுத்தி நிற்கும். அதனை எந்நோக்கத்துக்கும் இயக்கலாம். அதன் உள்ளமைப்பைக் கற்று வேண்டியவாறு மாற்றலாம். படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். மாற்றிய வடிவத்தையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளையும் உரிமப் பத்திரமே உறுதி செய்யும்.

அமெரிக்க நாட்டு றிச்சாட் ஸ்ரோல்மன் 1983 ஆம் ஆண்டிலே ‘க்னூ’ என்னும் திட்டத்தை அறிவித்து இவ்வியக்கத்தைத் தொடங்கினார். 1985 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. 1991 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் ‘லினக்ஸ்’ என்னும் கருவினை வெளியிட்டார். இன்று நம் கையிலுள்ள அன்ட்றொயிட் கைப்பேசிகளும், இணையத்தைத் தாங்கும் வழங்கிக் கணினிகளுட் பெரும்பாலனவும் அக்கருவின்மீதே இயங்குகின்றன.

வன்னியிற் பிறந்தார்க்கு இவ்வேற்பாடு புதுமையானதன்று. நம் குளங்களின் நீர் பலர்க்கும் பொது. காலபோகத்துக்கு நிலம் பண்படுத்துமுன் கமக்காரர் தத்தம் பங்குக்குரிய வாய்க்காலைத் துப்புரவு செய்வர். ஒருவர் தம் பங்கைச் செய்யாதொழியின் அவர்க்குக் கீழேயுள்ள வயல்களெல்லாம் வாடும். கட்டற்ற மென்பொருளும் அத்தகையதே. பயன்கொள்வோருட் சிலரேனும் பராமரிப்போராகவும் இருத்தல் வேண்டும். அப்பராமரிப்பிலே துருசும் அணையும் கட்டுவோர் நிரலாளர் எனின், வாய்க்காலைத் துப்புரவு செய்து நீரைக் கடைமடைக்குக் கொண்டு செல்வோர் விளக்க ஆவணம் எழுதுவோராவர்.

2. விளக்க ஆவணம் என்பது யாது?

மென்பொருளை நிறுவுதல், இயக்குதல், திருத்துதல் ஆகியவற்றை அறியாதார்க்கு அறிவிக்கும் எழுத்தெல்லாம் விளக்க ஆவணம் எனப்படும். இதன் வரலாறு நெடிது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போர் ஆக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற் கைந்நூல் 1971 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 3 ஆந் தேதியிடப்பட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் அதன் பெயர், எழுதும் முறை, செய்யும் செயல், தொடர்புடைய பிற கட்டளைகள் என ஒரே ஒழுங்கில் அஃது அமைந்தது. அதனிலும் சிறப்பு யாதெனின், ‘குறைகள்’ என ஒரு தலைப்பிட்டு, அக்கட்டளையிலுள்ள பிழைகளை ஆக்கியோரே எழுதிவைத்தமையாகும். தம் பண்டத்தின் பழுதைத் தாமே எழுதி வாங்குவோன் கையிற் கொடுக்கும் வணிகர் அரியர். நல்ல ஆவணத்துக்கு உயிராயது உண்மையுரைத்தல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. அவ்வொழுங்கைத் தழுவிய கைந்நூற் பக்கங்கள் லினக்ஸ் கணினிகளுள்ளேயே இன்றும் பொதிந்து கிடக்கின்றன. இணைய இணைப்பு அற்றவிடத்தும் அவற்றைத் திறந்து படிக்கலாம்.

மென்பொருள் கட்டற்றதாயின் அதன் கைந்நூலும் கட்டற்றதாதல் வேண்டும் என ஸ்ரோல்மன் வற்புறுத்தினார். காரணம் எளிது. ஒருவர் நிரலை மாற்றியபின் கைந்நூலை மாற்றும் உரிமை அவர்க்கில்லையாயின், நூலொன்று கூற உரை வேறொன்று கூறும். இக்குறை நீக்கவே க்னூ கட்டற்ற ஆவண உரிமம் என்பது வகுக்கப்பட்டது. விக்கிப்பீடியாவும் 2009 வரை அவ்வுரிமத்தின் கீழேயே வெளிவந்தது. லினக்ஸிற்கெனத் தனியே ஓர் ஆவணத் திட்டம் 1992 இலேயே தொடங்கிற்று. இன்ன செயலை இவ்வாறு செய்க எனக் கூறும் எண்ணற்ற வழிகாட்டிகளை அதன் தொண்டர் எழுதி உதவினர்.

இக்காலத்து இத்துறை வல்லார் ஆவணங்களை நான்கு வகையாகப் பகுப்பர். முதலாவது பாடம்: புதியவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று ஒரு சிறு செயலை முடிக்கச் செய்வது. இரண்டாவது செய்முறை: ஒரு குறித்த தேவையுடையார்க்கு அதனை முடிக்கும் படிகளைக் கூறுவது. மூன்றாவது அகராதி போன்ற உசாத்துணை: ஒவ்வோர் உறுப்பையும் ஒழுங்காகவும் எஞ்சாமலும் நிரல்படுத்துவது. நான்காவது விளக்கம்: இஃது ஏன் இவ்வாறு அமைந்தது எனக் காரணம் கூறுவது. இந்நான்கினையும் ஒருங்கு கலந்தெழுதுதலே புதியோர் செய்யும் பெரும் பிழை. சமைக்கத் தொடங்கியவளிடம் அரிசியின் வரலாற்றைக் கூறின் உலை கொதித்துப் பொங்கிவிடும். வரலாறு பயனற்றதென்பது இதன் கருத்தன்று. அதற்கு வேறிடம் உண்டு என்பதே.

3. ஓர் ஈழநாட்டுச் சான்று

இவ்வாவணங்கள் கற்றோரின் பொழுதுபோக்கெனக் கருதுவார்க்கு நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்காட்டுதல் தகும்.

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் தேதி காலையிற் கடல் பொங்கி எழுந்தது. முல்லைத்தீவுப் பட்டினமும் அதனை அடுத்த கரையோரக் கிராமங்களும் சில நாழிகையில் அழிந்தன. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் அடைக்கலம் புகுந்தனர். தாய் ஓரிடத்தும் பிள்ளை ஓரிடத்துமாகப் பிரிந்து, யார் உளர் யார் இலர் என்பதறியாது தவித்த அந்நாள்களை நம் கரையோரத்து முதியோர் இன்னும் மறந்திலர்.

அவ்வேளையிற் கொழும்பிலே, 2003 இல் நிறுவப்பட்டிருந்த லங்கா மென்பொருள் நிறுவகத்தைச் சார்ந்தோரும் பிற நிறுவனத் தொண்டருமாகிய கணினி வல்லுநர் ஒன்றுகூடி, ‘சகன’ என்னும் மென்பொருளைச் சில வாரங்களுள் ஆக்கினர். சகன என்னும் சிங்களச் சொற்குத் துயர்தீர்த்தல் என்பது பொருள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி வழங்கும் நிறுவனங்களின் பதிவேடு, எங்கே எப்பொருள் வேண்டும் எங்கே எப்பொருள் உண்டு என்பதைப் பொருத்தும் பகுதி என்பன அதன் உறுப்புகளாயின. அதனைக் கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டமையால், 2005 இற் பாகித்தானத்து நிலநடுக்கத்தின்போதும், 2006 இற் பிலிப்பைன்சு நாட்டு மண்சரிவின்போதும், 2010 இல் கெயிற்றி நிலநடுக்கத்தின்போதும் பிறநாட்டார் அதனை எடுத்துப் பயன்கொண்டனர். சமூகப் பயன் விளைக்கும் திட்டங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006 ஆம் ஆண்டுக்கு இதற்குக் கிடைத்தது. நம் தீவிற் பிறந்த மென்பொருளொன்று உலகெங்கும் சென்று உதவிய செய்தி நமக்குப் பெருமை தருவதேயாம்.

ஆயினும் ஈண்டு நாம் ஆராய வேண்டியது வேறொன்றுண்டு. பேரிடர்க் காலத்து மென்பொருளைக் கையாள்வோர் யாவர்? ஒரு கிராம அலுவலர், ஒரு பாடசாலை ஆசிரியர், ஒரு தொண்டர். அவர் அம்மென்பொருளை முன்னர்க் கண்டதில்லை. பயிற்சிக்கு நாளுமில்லை. முன்னே நீண்ட வரிசையில் மக்கள் நிற்பர். அந்நேரத்து அவர்க்குத் துணையாவது கைந்நூல் ஒன்றே. அது தெளிவாயிருப்பின் பதிவு ஒழுங்காக நடக்கும். மயங்க வைப்பின், ஒருவர் பெயரே மூன்றுமுறை பதியப்படும். அல்லது பதியப்படாமலே போகும்.

பெயரைப் பதிதல் எளிதன்றோ எனின், அன்று. மேனாட்டார் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களை உடையன. நமக்கோ தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக வரும். குடும்பப்பெயர் என்பதொன்று பெரும்பாலும் இல்லை. ஒரு தமையனைப் பதிவோர் தந்தை பெயரை முதற்கட்டத்திலும், அவன் தங்கையைப் பதிவோர் அதனை இரண்டாங் கட்டத்திலும் எழுதின், அவ்விருவரும் உடன்பிறந்தார் என்பதைக் கணினி எங்ஙனம் அறியும்? இனி, சண்முகநாதன் என்னும் பெயரை ஆங்கில எழுத்தால் எழுதும்போது ஒருவர் எழுதியவாறு மற்றொருவர் எழுதார். ஆகவே, “தமிழர் பெயரைப் பதியும்போது இக்கட்டத்தில் இதனை எழுதுக, தேடும்போது பெயரின் ஒரு பகுதியை மட்டும் இட்டுத் தேடுக” என ஒரு பக்கம் கைந்நூலில் இருத்தல் வேண்டும். அப்பக்கத்தை எழுத நிரலறிவு வேண்டா. நம் ஊரையும் நம் பெயர் வழக்கையும் அறிந்த அறிவே வேண்டும். ஓர் ஊரிலே பிரிந்த குடும்பமொன்று கூடுதலும் கூடாதொழிதலும் இத்தகைய ஒரு பக்கத்தைப் பொறுத்து நிற்றல் கூடும்.

சகன திட்டத்தாரும் இத்தேவையை உணர்ந்தனர். 2011 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திற் கலிபோர்ணியாவிலே நான்கு கட்டற்ற மென்பொருட் குழுவினர் ஓரிடத்துக் கூடி, ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு கைந்நூலை எழுதி முடித்தனர். அவற்றுள் ஒன்று சகனவின் கைந்நூல். பலர் ஒருங்கிருந்து எழுதின் பல மாதத்து வேலை சில நாளில் முடியும் என்பதை அவர்கள் காட்டினர். நம் கல்லூரிகளின் விடுமுறை நாள்களுக்கு இஃதோர் ஏற்ற முறையாகும்.

4. இப்பணி புறக்கணிக்கப்படுதல்

கிற்ஹப் நிறுவனம் 2017 ஆம் ஆண்டிலே திறந்த மூல மென்பொருட் பணியாளரிடை ஓர் ஆய்வு நடாத்திற்று. ஆவணங்கள் குறைவுடையனவாகவோ பழமைப்பட்டனவாகவோ இருத்தலைத் தாம் கண்டதாக நூற்றுக்கு 93 பேர் கூறினர். அவ்வாறாகவும், பங்களிப்போருள் நூற்றுக்கு 60 பேர் தாம் ஆவணங்களுக்கு அரிதாகவே பங்களிப்பதாகவோ ஒருபோதும் பங்களிப்பதில்லை எனவோ விடையிறுத்தனர். குறையை யாவரும் காண்பர், தீர்ப்பார் சிலரே.

காரணம் இரண்டு. நிரலை ஆக்கியோன் அதன் நுட்பமெல்லாம் அறிந்தவனாதலின், அறியாதான் எவ்விடத்து இடறுவான் என்பதை அவனால் உணர்தல் அரிது. அறியாமை நீங்கியபின் அறியாமையின் தன்மையும் மறந்துபோம். ஆகவே ஆவணத்தின் குறையைக் காண்பதற்குத் தக்கவன் அதனை முதன்முறை படிப்பவனே. இரண்டாவது காரணம், நிரல் எழுதுதலே மேன்மை, ஆவணம் எழுதுதல் எடுபிடி வேலை என்னும் தவறான எண்ணம். உரையாசிரியரைப் போற்றிய மரபில் வந்த நமக்கு அவ்வெண்ணம் பொருந்தாது.

அண்மைக் காலத்திற் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஆவணங்களையும் எழுதித் தருகின்றன. வரைவு ஆக்குதற்கு அவை துணையாகலாம். ஆயினும், இல்லாத கட்டளையொன்றை உள்ளதுபோல் எழுதிவிடுதலும் அவற்றின் இயல்பாதலின், ஒவ்வொரு படியையும் தன் கையாற் செய்துபார்த்து மெய்ப்பிக்கும் ஒருவர் இன்னும் வேண்டப்படுகின்றார்.

5. நன்னூல் காட்டும் அளவுகோல்

நல்ல ஆவணம் எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதற்கு நாம் பிறநாட்டு நூல்களை மட்டும் நாட வேண்டியதில்லை. பவணந்தியார் நன்னூலிற் பாயிரத்துக்கு வகுத்த இலக்கணத்தை நோக்குக. ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, அதன் பெயர், அமைந்த முறை, கூறும் பொருள், கற்றற்குரியார், கற்றதனாற் பெறும் பயன் ஆகிய எட்டும் பாயிரத்துட் கூறப்படல் வேண்டும் என்பர்.

கட்டற்ற மென்பொருள் ஒவ்வொன்றின் முகப்பிலும் ‘றீட்மீ’ என ஒரு கோப்பு உண்டு. ‘என்னைப் படி’ என்பது அதன் பொருள். ஆக்கியோர் யாவர், எம்மென்பொருளிலிருந்து பிறந்தது, எவ்வியங்குதளத்தில் இயங்கும், பெயர் யாது, உறுப்புகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, என்ன செய்யும், யார்க்கு உரியது, என்ன பயன் என்பவற்றையே அக்கோப்பும் கூறல் வேண்டும். எட்டும் எட்டோடு பொருந்துதல் காண்க. உரிமம் யாது என்பதை ஒன்பதாவதாகச் சேர்த்துக்கொள்ளின் இக்காலத்துக்கு முற்றும் பொருந்தும். ஒரு றீட்மீ கோப்பைக் கையில் எடுத்து இவ்வெட்டினையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கும் மாணவன், எஃது இல்லையோ அதனை எழுதுதலே தன் முதற் பணி எனக் கொள்ளலாம்.

நூற்குரிய குற்றங்களாக அவர் கூறியவற்றுள்ளும் சில ஆவணத்துக்கு நேரே பொருந்துவன. ஒரு படியை விட்டுவிடுதல் குன்றக் கூறல். வேண்டாத பெருமையுரை மிகைபடக் கூறல். ஒரு பக்கத்திற் கூறிய கட்டளைக்கு வேறொரு பக்கத்து மாறான கட்டளை கூறல் மாறுகொளக் கூறல். இம்மூன்றையும் களைந்தாலே உலகத்து ஆவணங்களுட் பாதி திருந்திவிடும்.

6. பணியிற் புகும் முறை

இனிச் செய்முறையைக் கூறுவாம்.

முதலாவது, தான் நாடோறும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். லிபரே ஒபிஸ், பயர்பொக்ஸ், ஓப்பின் ஸ்றீற் மப் என்னும் உலக வரைபடத் திட்டம், நூலகங்களுக்கான கோகா என்பன நம் மாணவர்க்கு ஏற்றன. பயன்படுத்தாத ஒன்றைப் பற்றி எழுதுதல் காணாத ஊருக்கு வழி கூறுதல் போலும்.

இரண்டாவது, அதன் ஆவணத்தைப் படித்து, கூறியவாறே ஒவ்வொரு படியையும் செய்தல் வேண்டும். தனக்குத் தெரிந்ததைக் கொண்டு இடையிலுள்ள குறையை நிரப்பிக்கொள்ளாது, எழுத்திலுள்ளதை மட்டும் செய்க. எங்கே தடைப்படுகின்றதோ அங்கே குறித்துக்கொள்க. எவ்வியங்குதளம், எப்பதிப்பு, கணினி காட்டிய பிழைச்செய்தி யாது என்பவற்றையும் எழுதிவைக்க.

மூன்றாவது, அக்குறையை வேறெவரேனும் முன்னரே அறிவித்துள்ளாரோ எனத் திட்டத்தின் முறையீட்டுப் பட்டியலிற் பார்க்க. இல்லையாயின், “இதனைச் செய்தேன், இது நிகழ்ந்தது, இது நிகழுமென எதிர்பார்த்தேன்” என மூன்று வாக்கியத்தில் அறிவிக்க. குறையை ஒழுங்காக அறிவித்தலும் ஒரு பங்களிப்பே.

நான்காவது, பங்களிப்போர்க்கெனத் திட்டத்தார் எழுதிவைத்த விதிகளைப் படிக்க. நடை, தலைப்பிடும் முறை, உரிமம் என்பன அதனுட் காணப்படும்.

ஐந்தாவது, திருத்தத்தைச் செய்க. பெரும்பாலான ஆவணங்கள் ‘மார்க்டவுன்’ போன்ற எளிய குறியீட்டில் எழுதப்படுவன. அரைமணி நேரத்தில் அதனைக் கற்கலாம். கோப்புகளின் மாற்றங்களைக் காத்துவைக்கும் ‘கிற்’ என்னும் கருவியை லினஸ் ரோவால்ட்ஸ் 2005 இல் ஆக்கினார். அதன் துணையால் மூலத்தின் படியொன்றை எடுத்து, அதில் திருத்தி, “இதனை ஏற்றருள்க” என்னும் சேர்ப்பு வேண்டுகோளை அனுப்புதல் வேண்டும். முதல் வேண்டுகோள் சிறிதாகவே இருக்க. ஒரு வாக்கியம், ஒரு பழைய இணைப்பு, விடுபட்ட ஒரு படி போதும்.

ஆறாவது, பராமரிப்போர் கூறும் மறுமொழியைப் பொறுமையோடு ஏற்க. அவர் மாற்றங்கள் கேட்பர். சிலபோது மறுப்பர். பலர் ஊதியமின்றித் தம் ஓய்வு வேளையிற் பணிபுரிவோராதலின் மறுமொழி தாமதமாகவும் கூடும். நம் கட்டுரைகளை ஆசிரியர் சிவப்பு மையாற் திருத்திய நாள்களை நினைக்கின் இது பெரிதன்று.

திருத்தம் ஏற்கப்படின், யார், எந்நாளில், எதனைத் திருத்தினார் என்பது அத்திட்டத்தின் வரலாற்றில் நிலையாகப் பதியும். தொழில் தேடும் இளைஞர் ஒருவர்க்கு இஃது எவரும் சென்று சரிபார்க்கத்தக்க நற்சான்றிதழாகும். கிளிநொச்சியிலிருந்து எழுதினாரா கலிபோர்ணியாவிலிருந்து எழுதினாரா என்பதை அங்கே எவரும் வினவார். எழுதியது சரியோ என்பதையே வினவுவர்.

7. தமிழிலே எழுதுதல்

ஆங்கில ஆவணங்களைத் திருத்துதலோடு, தமிழில் ஆவணம் ஆக்குதலும் நம் கடமையாகும். இதற்கும் நம் மண்ணிலேயே முன்னோடி உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 1873 இல் தாயகம் திரும்புமுன் ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய பெருநூல்களைத் தமிழில் வெளிப்படுத்தினார்; கலைச்சொற் பட்டியல்களும் தொகுத்தார். அறுவை மருத்துவத்தைத் தமிழில் எழுதக்கூடுமாயின் அச்சுப்பொறியை இணைக்கும் முறையை எழுதக்கூடாதோ?

நம் காலத்திலும் தொண்டர் பலர் உழைத்து வருகின்றனர். தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கிற்று. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் காக்கும் நூலகம் திட்டம் 2005 இல் தோன்றியது; அதன் தளமும் மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளின்மீதே நிற்கின்றது. தமிழ்நாட்டிலே 2012 இல் தொடங்கிய ‘கணியம்’ என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களை எளிய தமிழில் விளக்கி, நூல்களாகவும் இலவசமாக வழங்கி வருகின்றது.

தமிழாக்குவோர் கருத்திற் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, கட்டளைச் சொற்களை மொழிபெயர்க்கலாகாது. கணினி அறிந்த வடிவிலேயே அவற்றை விட்டு, அவற்றின் பொருளைத் தமிழில் விளக்குக. இரண்டாவது, கலைச்சொல் ஒருமைப்பாடு. ஈழத்தார் வலையமைப்பு என்பதைத் தமிழகத்தார் பிணையம் என்பர். இரண்டும் நன்றே. ஆயின் ஒரே ஆவணத்துள் இரண்டையும் மாறிமாறி வழங்கின் படிப்போர் அவற்றை இருவேறு பொருள்களெனக் கருதுவர். தொடக்கத்திலேயே சொற்பட்டியல் ஒன்று வகுத்து அதனையே பின்பற்றுக.

மூன்றாவது நுட்பமானது. மென்பொருளின் திரைச்செய்திகளிற் கோப்பின் பெயர் போன்றவை இயங்கும் வேளையிலேயே வந்து அமரும். மொழிபெயர்ப்போன் முன்னே அவ்விடத்தில் ஒரு குறி மட்டுமே நிற்கும். ஆங்கிலத்திற் பெயர் அப்படியே வந்து பொருந்தும். தமிழிலோ வேற்றுமையுருபு பெயரோடு புணர்ந்து பெயரின் ஈற்றையே மாற்றும். கடிதம் என்பது ஐ உருபேற்றுக் கடிதத்தை என்றாகும். கணினி இப்புணர்ச்சியை அறியாது, ‘கடிதம்ஐ’ எனக் காட்டி நகைப்புக்கிடமாக்கும். இதற்கு வழி யாதெனின், வரும் பெயரை உருபேற்காது தனியே நிறுத்தி, ‘கடிதம்’ என்னும் கோப்பை அழிக்கவா என அமைத்தலாகும். உருபு, கோப்பு என்னும் நிலையான சொல்லோடு சேர்ந்துவிடும். வரும் பெயர் எதுவாயினும் வாக்கியம் பிழைபடாது. இத்தகைய தீர்வைக் காண்பதற்கு வேண்டியது இலக்கண அறிவு. தமிழ் ஆசிரியர்க்கும் கணினி ஆசிரியர்க்கும் ஒருங்கே வேலை தருவது இப்பணி.

8. வன்னியும் இப்பணியும்

வவுனியா வளாகம் 2021 ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் தமிழ்மொழியிலேயே கற்பிக்கப்படுகின்றது. ஆகவே கற்றோர் இல்லை என்னும் குறை நமக்கில்லை. கற்றதை உலகப் பொதுப்பணியொன்றோடு இணைக்கும் பழக்கமே இனி வேண்டுவது.

இம்மண்ணுக்கு இப்பணியில் தனியொரு நாட்டமும் இருத்தல் இயல்பு. 2009 வரை நீடித்த போரிலே வீடுகளோடு ஏடுகளும் போயின. பாடசாலைப் பதிவேடுகள், சங்கங்களின் குறிப்புகள், தனியார் திரட்டிய நூல்கள் என்பன இடப்பெயர்வுதோறும் குறைந்து குறைந்து இறுதியில் இல்லையாயின. ஓரிடத்து ஒரு படியாக இருந்தது அழிந்தது. கட்டற்ற ஆவணமோ எவரும் படியெடுத்தற்குரியது. கிற் கருவியின் முறைப்படி ஒவ்வொரு பணியாளர் கையிலும் முழு வரலாறும் படியாக நிற்கும். ஒரு கணினி அழியினும் ஆவணம் அழியாது. எழுதியதை இழந்த துயரை அறிந்தவர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டா.

ஆதலின் நம் கல்லூரிக்கு ஒரு சிறு திட்டத்தை முன்வைக்கின்றேன். உயர்தர வகுப்பு மாணவர் எண்மரும், ஒரு தமிழாசிரியரும், ஒரு கணினி ஆசிரியரும் சேர்ந்து ஒரு குழு அமைக்க. பிறநாடுகளிலும் கொழும்பிலும் மென்பொருட்டுறையிற் பணிபுரியும் பழைய மாணவர் மாதம் ஒருமுறை இணையவழி அவர்களுக்கு வழிகாட்டுக. முதல் தவணையில் ஒரு மென்பொருளைத் தேர்ந்து அதன் தொடக்கப் பாடத்தைத் தமிழாக்குக. இரண்டாந் தவணையில், அதனைக் கீழ்வகுப்பு மாணவர் கையிற் கொடுத்து, அருகிருந்து விளக்காது, அவர்கள் இடறுமிடங்களைக் குறித்துத் திருத்துக. மூன்றாந் தவணையில் அத்திட்டத்தாரிடம் சேர்ப்பிக்க. நான்கைந்து கணினிகளும் ஓர் இணைய இணைப்பும் உள்ள இடத்தில் இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

நிரல் எழுத வல்லார் நிரல் எழுதுக. அது வாராதார் தாம் புறத்தே நிற்க வேண்டியவர் என எண்ணற்க. ஒன்றை முதன்முறை கற்கும்போது எழும் ஐயத்தைக் குறித்துவைத்து, விடை கண்டு, அடுத்து வருவோன் அதே இடத்தில் நில்லாதவாறு எழுதிவைப்பவன், முகமறியாத பல்லாயிரவர்க்கு ஆசிரியனாகின்றான். கல்லூரித் தாயின் நிறைவு விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், நம் மாணவர் பெயர்கள் அத்தகைய ஆசிரியர் வரிசையிற் பதிவதாக. கல்லூரி நீடு வாழ்க.